இரண்டு டிக் போட்ட நாற்காலி

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக அறிமுகமாகிறவர்கள் தையல் மாஸ்டரா, டான்ஸ் மாஸ்டரா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, ஆள் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக உயரமான கட்டிடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் கிரீஸும் கையுமாக நிற்பவர். அவர் வீட்டில் ரயில் ஓட்டுகிறார் என்ற சேதி கம்பெனியில் கசிந்த அன்று, கூட வேலை செய்கிற ஒருவர் 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று பட்டம் வைத்தார். நாளடைவில் ஸ்டேஷன் உதிர்ந்துபோய் மாஸ்டர் மட்டும் தங்கிவிட்டது.

பொம்மை ரயில் என்று அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது, முகம் சுண்டிப்போகும். அது மாடல் ரயில். நிஜ ரயிலை அளவெடுத்து நூற்று அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியது. இன்ஜின் உள்ளங்கையில் அடங்கும். தண்டவாளத்தின் அகலம் சுண்டுவிரலை விடக் குறைவு. நாள் முழுக்க மேலும் கீழும் போகிற பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, சாயங்காலம் நேராகப் போகிற பெட்டியைப் பார்த்தால்தான் மூச்சு வருகிறது என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த மூச்சுக்காக அவர் ஒருமுறை செய்த காரியம்தான் அவ்வளவு நன்றாக இல்லை.

அவர் மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் வேலை. பத்தொன்பது வருட அனுபவம். சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து மருந்தை எடுக்கும்போது ஒரு டிக், நோயாளியின் கையில் கொடுக்கும்போது மறுபடி பெயரையும் அளவையும் படித்து இன்னொரு டிக். இரண்டு டிக் விழாத மருந்து அந்தக் கவுண்டரைத் தாண்டாது. அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெளியூர் கிளம்பினால் அந்த அம்மாள் ஒரு நீளமான பட்டியல் எழுதுவார். சாமானை எடுத்து வைத்தால் ஒரு டிக், அது கார் டிக்கிக்குள் ஏறினால் இரண்டாவது டிக். இதுவரை ஒரு பல்துலக்கும் பிரஷ்கூட அவரை ஏமாற்றியதில்லை.

இது நடப்பதற்கு நான்கு வருடத்துக்கு முன்னால் போன சுற்றுலாவில் மாஸ்டர் மூன்று அட்டைப்பெட்டி நிறைய ரயில் சாமான் கொண்டுபோனார். ஐந்து நாளில் நான்கு நாள், தடம் மாறும் இடத்தில் வண்டி ஏன் கவிழ்கிறது என்று தரையில் குப்புறப் படுத்து ஆராய்ச்சி. மனைவியும் மகளும் மலையைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதனால் இந்தத் தடவை கடற்கரையில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்தபோது, ரயில் வேண்டாம், இந்த ஒரு வாரம் எங்களுக்கு வேண்டும் என்று மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார். மாஸ்டரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். தலையாட்டும்போதே அலமாரி மேலிருந்த ஒரு பழைய தட்டைப் பெட்டி அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்குள் அவர் ஒரு முழு ஊரையே கட்டியிருந்தார். திறந்தால் வட்டமாக ஒரு தண்டவாளம், ஒரு குகை, ஒரு சின்ன ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் அரிசி அளவு நான்கு மனிதர்கள். மூடினால் யாரோ அலுவலக வேலையாக எடுத்துப்போகிற பெட்டி. இவ்வளவுதானே, மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது ஒரு மணி நேரம், யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற காலையில் வக்கீலுக்கு ஒரு சிக்கல் வந்தது. டிக்கியில் இடம் இல்லை. எல்லாம் கச்சிதமாக ஏறிவிட்டது. இடது பக்கம், தண்ணீர் கேனுக்கு மேலே, மடக்கு நாற்காலி படுத்திருந்தது. அது மாமனாருடையது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் எழ முடியாது. உயரமும் கைப்பிடியும் சரியாக அமைந்த நாற்காலி அது ஒன்றுதான். அதைப் போட்டுக் கடலுக்கு எதிரே உட்காரத்தான் அவர் வருவதாகவே ஒப்புக்கொண்டிருந்தார்.

மனைவி நாற்காலிக்கு இரண்டாவது டிக் போட்டுவிட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்க மேலே போனார். மாஸ்டர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார், பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. வாடகை வீடு என்றால் நாற்காலி இல்லாமலா இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான், கை முந்திக்கொண்டது. படிக்கட்டுக்கு அடியில் லிஃப்டின் மின்பெட்டி இருக்கும் சிறிய அறைக்குச் சாவி அந்தக் குடியிருப்பிலேயே அவர் ஒருவரிடம்தான் உண்டு. நாற்காலி அதற்குள் போனது, பெட்டி டிக்கிக்குள் படுத்தது, மேலே ஒரு போர்வை விழுந்தது. மூன்று நிமிஷ வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக்கூட அவர் அவ்வளவு வேகமாக வெளியே எடுத்ததில்லை.

போய்ச் சேர்ந்ததும் மனைவி டிக்கிக்கு ஓடாமல் இருக்க, சாமான் முழுவதையும் தானே இறக்குவதாகச் சொன்னார். பெட்டியைப் போர்வையோடு வாரிக்கொண்டுபோய்த் துணி துவைக்கும் அறையில் மெஷினுக்குப் பின்னால் செருகினார். திரும்பி வந்தபோது மனைவி காலி டிக்கிக்கு முன்னால் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார்.

"நாற்காலி எங்கங்க?"

வாடகை வீட்டில் இருக்குமே, இடம் பத்தவில்லை, நான்தான் வெளியே எடுத்து வைத்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் எதற்கு இடம் பத்தவில்லை என்று அடுத்த கேள்வி வருமே. "விட்டுட்டு வந்திருப்போம்," என்றார்.

மனைவி பட்டியலைப் பார்த்தார். இரண்டு டிக். டிக்கியைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் மாஸ்டர் தப்பித்திருப்பார். அவர் கோபப்படவில்லை, பட்டியலை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய், நான்தான் மறந்துட்டேன்ப்பா என்றார்.

அந்த வீட்டில் நாற்காலி இருந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு, ஒவ்வொன்றும் ஆளைக் கொல்லுகிற கனம். மறுநாள் காலை மாஸ்டர் பிராயச்சித்தமாக அதில் ஒன்றைத் தலையில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுபோனார். மாமனார் உட்கார்ந்ததும் பின்கால்கள் இரண்டும் மணலில் இறங்கின. மனிதர் மெதுவாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்தார். தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். எனக்கு ஜன்னலே போதும் மாப்பிள்ளை, கடல் எங்கேயும் ஓடிப்போகாது என்று அவர் சிரித்தார். ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவரும், அதற்கு மேலே ஒரு முழம் கடலும் தெரிந்தன.

அவரைத் தனியாக விடக் கூடாதென்று மாஸ்டர் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். நீங்க போய்ட்டு வாங்க, மாமாவை நான் பாத்துக்கறேன் என்றார். மனைவி வாசலில் நின்று, "என்னால உங்களுக்கும் கடல் போச்சு," என்று வருத்தப்பட்டுவிட்டு மகளோடு போனார். அந்த வார்த்தை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, மாஸ்டர் துணி துவைக்கும் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தார். வெட்கம் இருந்தது. ஆனாலும் திறந்தார்.

ரயில் ஓடவில்லை. உப்புக் காற்று ஒரே நாளில் தண்டவாளத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. இன்ஜின் இரண்டு அங்குலம் நகரும், விக்கும், நிற்கும். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். துடைத்து முடித்து வண்டி குகைக்குள் நுழைந்தபோது கதவருகே குரல் கேட்டது.

"யாருக்கு மாப்பிள்ளை ஊசி போடறீங்க?"

ஸ்பிரிட் வாசனையைப் பிடித்துக்கொண்டு மாமனார் கைத்தடியோடு வந்து நின்றிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மாஸ்டருக்கு அசடு வழிந்தது. மாமனாரோ குகையிலிருந்து வண்டி வெளியே வந்ததைப் பார்த்து எல்லாவற்றையும் மறந்துவிட்டார். முப்பத்து நான்கு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விசில் இல்லாமல் வண்டி கிளம்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நாற்காலி ஒன்று துணி துவைக்கும் அறைக்கு வந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசில் கொடுத்தால் மாஸ்டர் குமிழைத் திருப்புவார், வண்டி கிளம்பும். மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டபோது, நான் ஏன் சொல்றேன் என்று கண்ணடித்தார். நாற்காலியை மறந்தது ஒருவகையில் நல்லதாப் போச்சு, இல்லாட்டி இதை எங்கே பாத்திருப்பேன் என்றும் சொன்னார். அந்த நிமிஷம் மாஸ்டரின் கை குமிழிலேயே உறைந்துவிட்டது. வண்டி மூன்று சுற்று நிற்காமல் ஓடியது.

மனைவியிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், பத்தடி போய் மறுபடி வந்து இழுப்பார். சாயங்காலங்களில் கைப்பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து, நான்கு மடிப்பையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மாஸ்டர் அதைக் கவனிக்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் கடலோரமாக நடந்தார்கள். மகள் முன்னால் போய்விட்டாள். மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தபடி, அவரைப் பார்க்காமலேயே பேசினார்.

"அம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. செஞ்சேன் செஞ்சேன்னு சொல்லும், செஞ்சிருக்காது. நாற்காலியைத் தூக்கி வச்சது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. கை வலிச்சதுகூட ஞாபகம் இருக்கு. நடக்காத ஒண்ணு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

மாமியாரின் கடைசி ஐந்து வருடம் மாஸ்டருக்குத் தெரியும். பெற்ற மகளைப் பார்த்து, நீங்க யாருங்க என்று மரியாதையாகக் கேட்ட நாள் அவரும் அந்த அறையில் இருந்தார். இப்போது சொல்லிவிடலாம். இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. வாயைத் திறந்தார். நான்கு நாள் பொய், அதற்குள் ரயில், அதற்குள் மாமனாரின் விசில், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் வர்ற மறதிதான்," என்றார்.

நாற்காலியை எடுத்தது ஆசை. இது ஆசைகூட இல்லை, சுத்தக் கோழைத்தனம். அது அவருக்கே தெரிந்திருந்தது. மறுநாள் ரயில் ஓட்டவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டார். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாளில் எழுபது தடவை நினைத்தார். எழுபது தடவையும் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டார்.

வியாழக்கிழமை காலை மனைவியும் மகளும் கடலுக்குப் போனபிறகு மாமனார் துணி துவைக்கும் அறைக்கு வந்தார். விசில் கொடுக்கவில்லை. திறந்த பெட்டியின் மேல் கைத்தடியை நீளவாக்கில் வைத்தார், பிறகு அகலவாக்கில் வைத்தார். அந்த நாற்காலியை எட்டு மாதமாகத் தினம் மடக்கி விரிக்கிறவர் அவர். அதன் நீளமும் அகலமும் அவர் தடிக்குத் தெரியும்.

"இது கார்ல எங்க இருந்துச்சு மாப்பிள்ளை?" என்றார்.

பதில் அவருக்கே தெரிந்திருந்தது. மாமனார் கொஞ்ச நேரம் பிளாட்பாரத்தில் நின்ற அரிசி மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காலையில் மாஸ்டரின் மனைவி தன்னிடம் சொன்னதைச் சொன்னார். அடுத்த வாரத்துக்கு யார் எந்த வேலை என்று கவுண்டரில் வியாழக்கிழமைதான் எழுதுவார்களாம். மேலாளருக்குப் போன் பண்ணி, இனி மருந்து கொடுக்கிற வேலை தனக்கு வேண்டாம், உள்ளே ஸ்டோரில் பெட்டி அடுக்குகிற இடத்தில் போட்டுவிடுங்கள் என்று கேட்கப் போகிறாராம். என் டிக்கை நானே நம்ப முடியலப்பா, நாளைக்கு ஒரு குழந்தைக்கு மருந்து மாறிப் போச்சுன்னா என்ன பண்ணுவேன் என்று அழுதாராம்.

"பத்து மணிக்குப் பண்றேன்னா. நான் சொல்லிடலாம். ஆனா நீங்கதான் சொல்லணும்," என்றார் மாமனார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்றுவரை அவர் மாஸ்டரை டிக்கெட் எடுக்காத ஆளைப் போலப் பார்த்ததில்லை.

மணி பத்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. மாஸ்டர் செருப்பில்லாமல் ஓடினார். நாற்பத்தெட்டு வயதில், தொப்பையோடு, சுடுமணலில். மனைவி ஒரு படகின் நிழலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். லைன் கிடைக்கவில்லை, பிஸி என்று மனைவி சொன்னார். என்ன ஆச்சு, அப்பாவுக்கு என்ன என்று பதறினார்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை, நாற்காலியை நீ மறக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று மாஸ்டர் மூச்சு வாங்கச் சொன்னார். ரயிலைச் சொன்னார், மின்பெட்டி அறையைச் சொன்னார், துணி துவைக்கும் அறையைச் சொன்னார். சொல்லச் சொல்ல மனைவியின் முகம் கோணும் என்று காத்திருந்தார். திட்டட்டும், இரண்டு அறை அறையட்டும் என்றுகூட மனம் தயாராகிவிட்டது.

மனைவி திட்டவில்லை. கைப்பையைத் திறந்து பட்டியலை எடுத்தார்.

"அப்ப, நான் வச்சேனா?"

"நீதான் வச்ச. இடது பக்கம். தண்ணி கேனுக்கு மேல."

"இந்த டிக் சரியா?"

"ரெண்டும் சரி."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். மாஸ்டர் இன்னொரு தடவை சொன்னார். மனைவி அப்படியே மணலில் உட்கார்ந்து, பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. தன் மனைவியை ஐந்து நாளாக எந்தக் குழிக்குள் தள்ளி வைத்திருந்தோம் என்று, அதிலிருந்து அவர் ஏறி வருவதைப் பார்த்தபோதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த மகள் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கரைக்கு வரத் தொடங்கினாள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது வேறு ஏதோ ஒன்று நினைவுக்கு வந்த மாதிரி நிமிர்ந்தார்.

"செவ்வாக்கிழமை அம்மாவைப் பத்திச் சொன்னேனே. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். தெரியும் என்றார்.

மனைவி எழுந்து உடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, ஓடி வந்த மகளிடம் ஒன்றுமில்லை வா என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனார். மாஸ்டர் படகின் நிழலில் நின்றார். உள்ளங்கால் எரிந்தது.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அன்று மத்தியானம் மனைவியே துணி துவைக்கும் அறைக்கு வந்து ரயிலைப் பார்த்தார். இதை ஏன் இங்கே இருட்டில் ஓட்டுகிறீர்கள், முன்னறைக்குக் கொண்டு வாருங்கள், அப்பா பார்க்கட்டும் என்றார். முன்னறையில் மாமனார் விசில் கொடுக்க, மகள் வண்டி போகிற வேகத்தைக் கிண்டல் செய்ய, ரயில் இரண்டு நாள் ஊரறிய ஓடியது. மாஸ்டருக்கு மட்டும் அதில் ஒரு சுற்றுகூட இனிக்கவில்லை. சனிக்கிழமை கிளம்பும்போது மனைவி புதிதாகப் பட்டியல் எழுதினார். அதில் 'ரயில் பெட்டி' என்றும் ஒரு வரி இருந்தது. அவரே அதைத் தூக்கி வைத்து இரண்டு டிக் போட்டார். மாஸ்டர் டிக்கியைச் சாத்தினார்.

"திறங்க," என்றார் மனைவி.

திறந்தார். மனைவி போர்வையைத் தூக்கிப் பார்த்தார், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பட்டியலில் ஒவ்வொரு சாமானுக்கும் நேராக இன்னொரு டிக் போட்டுவிட்டு, இப்போது சாத்துங்கள் என்றார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மாள் இன்னும் அதே கவுண்டரில்தான் இருக்கிறார். அங்கே இப்போதும் இரண்டு டிக்தான். எங்கே போனாலும் ரயில் கூடவே போகிறது, பட்டியலில் துணிமணிக்கு முன்னாலேயே அதற்கு இடம் உண்டு. மாமனாரின் நாற்காலியும் தவறாமல் போகிறது. மாஸ்டர் டிக்கியைச் சாத்திய பிறகு, ஒவ்வொரு முறையும் மனைவி வந்து திறக்கச் சொல்கிறார். மாஸ்டர் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். முதல் இரண்டு டிக்கும் சாமானுக்கு, மூன்றாவது அவருக்கு.